ஸ்டார்ட்டர் கிட்டும் அம்மாவின் சுவிட்ச் பழக்கமும்

வீட்டு விளக்குகளைத் தானாக ஏற்றி அணைக்கும் ஸ்மார்ட் ஹோம் ஸ்டார்ட்டர் கிட் ஒன்று வாங்கினேன். பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். மூன்றாம் நாள் எழுதியிருந்தால் ஒன்றுகூடத் தேறியிருக்காது. நாலு மாதம் ஓடிவிட்டதால் இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது: மூன்று. அந்த மூன்றிலும் இரண்டு, கிட்டில் இல்லாத ஒரு சாமானுக்குப் போய்ச் சேர வேண்டியவை.

வாங்கிய காரணம் ஒன்றே ஒன்று. அம்மாவுக்கு 81 வயது. ராத்திரியில் இரண்டு தடவையாவது எழுந்து பாத்ரூம் போவார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வாசல் வரை பதினோரு அடி எடுத்து வைக்கிறார், எண்ணிப் பார்த்தேன். நடைவழி விளக்கின் சுவிட்ச் இருப்பது ஏழாவது அடியில். அதுவரைக்கும் சுவரைத் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த ஏழு அடிக்கு வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதான். பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றைக் கட்டிலுக்கடியில் ஒட்டினால் போதாதா என்று மனைவி கேட்டாள். போதும்தான். ஆனால் எனக்கு விளையாட ஒரு சாமான் வேண்டியிருந்தது.

கிட்டில் இருந்தவை: மற்ற எல்லாவற்றையும் இணைத்து நடத்தும் ஒரு ஹப், இரண்டு ஸ்மார்ட் பல்ப், அசைவைக் கண்டுகொள்ளும் ஒரு மோஷன் சென்சார், இரண்டு கதவு சென்சார், ஒரு பிளக், சுவரில் ஒட்டிக்கொள்ள ஒரு பட்டன். எல்லாம் ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் ஒன்றோடொன்று பேசுபவை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் படப்போகிற பாடு ஏறக்குறைய இதுதான்.

வாங்கும் முன் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். வீட்டை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு சுவிட்ச் பாக்ஸுக்கும் ஒரு எண் கொடுத்தேன். மொத்தம் ஏழு. பிறகு எலக்ட்ரீஷியன் தம்பியை வரச்சொல்லி, மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கச் சொன்னேன். தேடியது நியூட்ரல் ஒயரை, அதாவது ஃபேஸ் ஒயரில் வரும் மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரை. சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையே இல்லை, ஃபேஸ் உள்ளே வரும், வெளியே போகும், நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். ஆனால் சுவிட்சுக்குள்ளே ஒரு ரேடியோ உட்கார்ந்திருந்தால், விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்கு மின்சாரம் வேண்டுமே. நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடல்கள் உண்டு. அவை தங்களுக்கு வேண்டிய துளி கரண்ட்டை விளக்கு வழியாகவே எடுத்துக்கொள்ளும். பழைய குண்டு பல்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எல்இடி பல்புக்கு அந்தத் துளியே போதும், அணைத்த பிறகும் மினுக்மினுக்கென்று முழித்துக்கொண்டிருக்கும்.

"ரெண்டுலதான் சார் இருக்கு நியூட்ரல். மத்ததுக்கு இழுக்கணும்னா சுவத்தை உடைக்கணும்" என்றார் தம்பி. நல்லவேளையாக அந்த இரண்டில் ஒன்று நடைவழி, இன்னொன்று பாத்ரூம். தாளில் இரண்டையும் வட்டம் போட்டு வைத்தேன். போட்டேனே தவிர, ஆர்வக்கோளாறில் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, கிட்டில் வந்த பல்பை மாட்டினேன். தப்பு அங்கே ஆரம்பித்தது.

முதல் ராத்திரி பிரமாதம். சென்சாரை அம்மாவின் கட்டில் காலில் முழங்கால் உயரத்தில் ஒட்டினேன். அந்த உயரம் முக்கியம். மேலே வைத்தால் புரண்டு படுப்பதற்கெல்லாம் விளக்கு எரியும், கீழே வைத்தால் கால் தரையில் பட்டால்தான் எரியும். நடைவழியில் பத்து சதவீத வெளிச்சம், மஞ்சள் நிறம். கண் கூசாது. நான் இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது. அம்மா ஒரு கணம் நின்றார், நடந்தார், திரும்பி வரும் வழியில் ஏழாவது அடியில் கையை நீட்டி டக்கென்று சுவிட்சை அணைத்தார்.

அறுபது வருடப் பழக்கம். எரிகிற விளக்கைப் பார்த்தால் அந்தக் கை அணைக்கும். சுவரில் அணைத்துவிட்டால் ஸ்மார்ட் பல்ப் வெறும் பல்ப்கூட இல்லை, வெறும் கண்ணாடி. அடுத்த தடவை சென்சார் கத்தியிருக்கும், கேட்க அங்கே யாருமில்லை. ஆப்பில் "சாதனம் கிடைக்கவில்லை" என்று ஒரு சாம்பல் வட்டம் மட்டும்.

கூடவே இன்னொன்றும் நடந்தது, அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பின்வாசல் கதவு சென்சார் ராத்திரியானால் காணாமல் போனது. சென்சார்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், மறுபடி இணைத்தேன், வைதேன். ஜிக்பீயில் நேரடியாகக் கரண்ட்டில் ஓடும் சாதனங்கள்தான் அஞ்சல்காரர் வேலை பார்க்கும், பேட்டரியில் ஓடுபவை தங்கள் சேதியை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். பின்வாசல் சென்சார் ஹப்பிடம் பேசியது நடைவழி பல்ப் மூலமாக. அம்மா பல்பை அணைக்கும்போதெல்லாம் பின்வாசலும் ஊமையாகிவிட்டது.

மடித்து வைத்த தாளை எடுத்தேன். ஹப் சொல்கிறபடி விளக்கை ஏற்றி அணைக்கும் ரிலே மாட்யூல் இரண்டு தனியாக வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும், சுவிட்சுக்குப் பின்னால் பாக்ஸுக்குள்ளேயே உட்காரும். பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும். ஆனால் அது இனி விளக்குக்குப் போகும் கரண்ட்டை வெட்டாது, ரிலேக்குச் சைகை மட்டும் கொடுக்கும். சுவரில் தட்டினாலும் விளக்கு கேட்கும், ஹப் சொன்னாலும் கேட்கும், ரிலேக்குக் கரண்ட் எப்போதும் உண்டு. வாங்குமுன் பாக்ஸின் ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். நடைவழியில் சுலபமாக உட்கார்ந்தது. பாத்ரூம் பாக்ஸில் ஒயர்களை மடித்து மடித்து அடைக்கத் தம்பிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இந்த வேலையை யூடியூப் பார்த்து நானே செய்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் வியர்த்ததைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

நான் சொன்ன இரண்டு நட்சத்திரம் இந்த ரிலேக்குத்தான். நடைவழியில் இப்போது மூன்று வாட் சாதாரண பல்ப். பத்து சதவீதம், மஞ்சள், ஊதா எதுவும் கிடையாது. கிட்டிலேயே ஆடம்பரமாக இருந்த இரண்டு ஸ்மார்ட் பல்பும் மேசை விளக்குகளுக்குப் போய்விட்டன. யாரும் தொடாத சுவிட்ச் என்றால் அவை நல்ல பல்புகள்தான்.

பாத்ரூம் கதை வேறு. அங்கேயும் ஒரு மோஷன் சென்சார் கூடுதலாக வாங்கி வைத்தேன். இரண்டு நிமிடம் அசைவு இல்லையென்றால் விளக்கு அணையட்டும் என்று நேரம் குறித்தேன். மறுநாள் விடிகாலை உள்ளேயிருந்து குரல்: "இருட்டுல உக்கார வச்சுட்டியேடா!" இந்தச் சென்சார் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை. தன் பார்வைக்குள் வெப்பம் இடம் மாறுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதற்குச் சுவர் மாதிரி. மூச்சு விடும் அசைவைக்கூடப் பிடிக்கும் ரேடார் சென்சார்கள் இருக்கின்றன. ஆனால் ஃபேன் சுற்றுவதையும் திரை ஆடுவதையும் ஆள் என்று எண்ணிவிடும் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு நிமிடத்தை இருபது ஆக்கினேன். ஒன்பது வாட் பல்ப் இருபது நிமிடம் சும்மா எரிந்தால் 3 வாட் மணி. அதாவது ஒரு யூனிட்டில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு. இதில் மிச்சம் பிடிக்கப்போய் அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டுமா?

ஹப்பை எங்கே வைப்பது என்று பெட்டியோடு வந்த காகிதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒயர் குட்டை என்பதால் எல்லாரும் ரவுட்டர் தலையிலேயே வைப்பார்கள், நானும் வைத்தேன். வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் தெருவில் நடப்பவை. என் ஹப் ஜிக்பீ சேனல் 18-இல் இருந்தது, ரவுட்டர் வைஃபை சேனல் 6-இல். எண்கள் வேறு என்றாலும் இரண்டும் காற்றில் ஒரே இடம்தான். நீளமான லேன் ஒயர் போட்டு ஹப்பை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, ரவுட்டரைச் சேனல் 1-க்கு மாற்றினேன். சென்சார்கள் அடிக்கடி தொடர்பு அறுந்து போவது அன்றோடு நின்றது. பிழைத்திருக்கிறதா என்று அதற்குமுன் ஒரு நாளைக்கு நாலு தடவை ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இணைய ஒயரைப் பிடுங்கிவிட்டும் சோதித்தேன். நடைவழி, பாத்ரூம் இரண்டும் வழக்கம்போல் ஓடின, 'அசைவு தெரிந்தால் விளக்கை ஏற்று' என்கிற அந்த விதிகள் ஹப்புக்குள்ளேயே இருப்பதால். முன்பே என்னிடம் இருந்த வேறொரு கம்பெனி வைஃபை பிளக்கை இந்தச் சென்சாரோடு கோர்த்திருந்தேன், அது மட்டும் அசையவில்லை. அந்தச் சேதி இரண்டு கம்பெனிகளின் சர்வரையும் சுற்றிவிட்டு வர வேண்டியது. எந்த விதி வீட்டுக்குள் ஓடுகிறது, எது சர்வர் வரை போய் வருகிறது என்று ஆப்பில் ஒரு புள்ளிகூட வைத்துக் காட்டவில்லை. எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். பெட்டியில் மேட்டர் முத்திரை பார்த்து மயங்கியவன் நான். வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக 2022 அக்டோபரில் வந்த பொதுத் தரம் அது, நல்ல விஷயம்தான். ஆனால் இந்தக் கிட்டில் அந்த முத்திரை ஹப்புக்கு மட்டும். ஹப் தன் பிள்ளைகளை மற்ற ஆப்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்கும், சென்சார்கள் தாங்களாகப் போய் வேறு வீட்டில் சேராது.

கரண்ட் போய்த் திரும்பியது ஒரு ராத்திரி மூன்று மணிக்கு. ஸ்மார்ட் பல்ப் இரண்டும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. அம்மா எழுந்து உட்கார்ந்து, "விடிஞ்சிருச்சா?" என்றார். கரண்ட் வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லும் செட்டிங், ஆப்பில் நாலு படி உள்ளே ஒளிந்திருக்கிறது. மாட்டிய அன்றே அதைத் தேடி "முன்பு இருந்த நிலை" என்று வைத்துவிடுங்கள்.

பிளக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் முதுகில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் படியுங்கள், ஹீட்டர், மோட்டார் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒட்டும் பட்டன் ஒட்டவில்லை, இரண்டு தடவை விழுந்தது, இப்போது மேஜை டிராயரில் இருக்கிறது. பேட்டரி சதவீதத்தை நம்ப வேண்டாம். பட்டன் செல் கடைசி வரை நல்ல பிள்ளையாக 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், பிறகு திடீரென்று சரியும். மாட்டிய தேதியைச் சென்சார் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

மின்கம்பி வழியாகவே சைகை அனுப்பி விளக்கு ஏற்றும் எக்ஸ்10 என்ற முறை 1975-இலேயே வந்துவிட்டது. ஐம்பது வருடம் ஆகியும் ஸ்டார்ட்டர் கிட் என்றால் பல்பைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள், சுவரிலிருக்கும் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். மறுபடி வாங்குவதாக இருந்தால் கிட்டே வேண்டாம். ஹப் ஒன்று, மோஷன் சென்சார் இரண்டு, ரிலே இரண்டு என்று தனித்தனியாக எடுப்பேன், அதுவும் எலக்ட்ரீஷியன் பாக்ஸைத் திறந்து பார்த்த பிறகு.

போன வாரம் ஹப்பைக் கழற்றித் தூசி தட்டினேன், திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். காலையில்தான் உறைத்தது. ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன். "லைட்டு வரலை. நானே போட்டுக்கிட்டேன்" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். ஏழு அடியும் சுவரைத் தடவித்தான் போயிருக்கிறார். மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் கட்டிலுக்கடியில் பேட்டரி விளக்கு ஒன்று ஒட்டியிருந்தது.