ஐரோப்பாவும் பிரிட்டனின் பணமுடையும்: ஹன்சார்டு இணையதளத்தில் எப்படித் தேடுவது?

பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சார்டு முழுக்க இணையத்தில் இலவசம். ஐரோப்பாவில் சேர்வதா, இருப்பதா, விலகுவதா என்று அந்த நாடு அரை நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியதைப் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒன்று மட்டும்: தேடல் பெட்டியை நம்பி இறங்கினால் பாதிகூடக் கிடைக்காது. தேதியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் சிக்கல் பெயர். 'யூரோப்பியன் யூனியன்' என்ற அமைப்பே 1993இல்தான் வந்தது. அதற்கு முந்தைய விவாதங்களுக்கு 'காமன் மார்க்கெட்', 'யூரோப்பியன் கம்யூனிட்டீஸ்' என்று தேடுங்கள். அந்தக் காலத்து அச்சில் சுருக்கப் பெயர்களுக்கு இடையிடையே புள்ளி வைத்திருப்பார்கள், 'இ.இ.சி.' (ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம்), 'ஐ.எம்.எஃப்.' (சர்வதேச நிதியம்) ஆகியவற்றைப் புள்ளியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய தொகுதிகள் அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து எடுத்தவை என்பதால் எழுத்துப்பிழைகளும் உண்டு.

இரண்டாவது, நெருக்கடிகள் சபை நடக்கும் நாள் பார்த்து வருவதில்லை. 1992 செப்டம்பர் 16 அன்று ஐரோப்பிய நாணயங்களின் மதிப்பை ஒன்றோடொன்று பிணைத்துவைத்த நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து பவுண்டு வெளியேறியது. அந்தத் தேதியைத் திறந்தால் வெறுமைதான். சபை விடுமுறையில் இருந்தது. அவசரமாகக் கூட்டப்பட்ட செப்டம்பர் 24க்குப் போக வேண்டும். அதேபோல் 1967இல் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40க்குக் குறைத்த நவம்பர் 18 ஒரு சனிக்கிழமை. நிதியமைச்சர் ஜேம்ஸ் காலகன் சபையில் விளக்கம் தந்தது 20ஆம் தேதி. அப்படியே ஒரு வாரம் தள்ளிப் படியுங்கள்: 27ஆம் தேதி பிரெஞ்சு அதிபர் டி கோல், ஐரோப்பாவில் சேர பிரிட்டன் தந்த விண்ணப்பத்துக்கு இரண்டாம் முறையாகக் கதவைச் சாத்தினார். காசுத் தட்டுப்பாடும் ஐரோப்பாவும் ஒரே வழக்கின் இரண்டு கட்டுகள் என்பது இப்படி நாள்வரிசையில் படிக்கும்போதுதான் உறைக்கிறது. சொல்லை வைத்துத் தேடினால் இரண்டும் தனித்தனியாகவே வந்து நிற்கும்.

வாக்கெடுப்புப் பட்டியல்கள்தான் இத்தளத்தின் பொக்கிஷம், ஏமாறுவதும் அங்கேதான். 1971 அக்டோபர் 28 அன்று சேரும் முடிவை 356 பேர் ஆதரித்தார்கள், 244 பேர் எதிர்த்தார்கள். தொழிற்கட்சியின் 69 பேர் கொறடா உத்தரவை மீறி ஆதரித்தார்கள். பழைய பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது, நாமே ஒட்டிப் பார்க்க வேண்டும். வாக்களிக்காமல் ஒதுங்கியவர்களின் பட்டியலும் கிடையாது. மொத்த உறுப்பினர் பட்டியலிலிருந்து கழித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். எண்ணிக்கை இரண்டு இரண்டாக உதைத்தால் பதற வேண்டாம்: தரப்புக்கு இருவராக நிற்கும் வாக்கு எண்ணுநர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். அடுத்து 1972 பிப்ரவரி 17ஐத் திறந்தால், சேர்வதற்கான சட்ட முன்வடிவின் இரண்டாம் வாசிப்பு 309க்கு 301 என்று வெறும் எட்டு வாக்கில் தப்பியிருக்கும். நான்கே மாதத்தில் 112 வாக்கு வித்தியாசம் எட்டானது எப்படி என்று பெயர் பெயராகப் பார்ப்பதற்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம். எண்ணிக்கையே தவறிய நாளும் உண்டு: 1993 ஜூலை 22 அன்று, ஐரோப்பிய யூனியனை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் குறித்த வாக்கெடுப்பில் 317க்கு 317 என்று அறிவித்து, சபாநாயகர் தன் வாக்கைப் போட்டு முடித்துவைத்தார். சரியான கணக்கு 317க்கு 316 என்று பிறகு தெரியவந்தது.

2016க்குப் பிந்தைய வாக்கெடுப்புகளுக்கு நாடாளுமன்றத்தின் தனி வாக்குத் தளமே போதும். கட்சிவாரியாகப் பிரித்துக் காட்டும். பிரதமராக இருந்த தெரசா மேயின் விலகல் ஒப்பந்தம் 432க்கு 202 என்று தோற்ற 2019 ஜனவரி 15ஐ அங்கே சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

பொருளாதாரத் துயரத்துக்கு மூன்று நாட்களைச் சொல்வேன். 1973 டிசம்பர் 13: வாரம் மூன்று நாள் மட்டுமே தொழிற்கூடங்களுக்கு மின்சாரம் என்ற அறிவிப்பு, ஐரோப்பாவில் சேர்ந்து ஓராண்டு நிறையும் முன்பே வந்தது. 1976 டிசம்பர் 15: ஐ.எம்.எஃப். கடனுக்காக நிதியமைச்சர் டெனிஸ் ஹீலி அரசுச் செலவைக் குறைத்த நாள். 2022 நவம்பர் 17: விலகிய பின், விலைவாசி உயர்வு 11 சதவீதத்தைத் தாண்டியிருந்த வேளையில் அப்போதைய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் தந்த நிதி அறிக்கை. இதில் அறிக்கையைவிடப் பின்னால் வரும் கேள்விகளைத் தவறவிடாதீர்கள்.

குறிப்பெடுக்கும்போது இணைப்பை மட்டும் சேமிக்காமல் தொகுதி (வால்யூம்) எண்ணையும் பத்தி (காலம், column) எண்ணையும் எழுதிவையுங்கள். முகவரி மாறினாலும் அந்த இரண்டு எண்களும் மாறாது.