கெட்டுப்போனால் எந்தப் பக்கம் கெடும்? குளத்து மீனுக்கு ஃபீடர் வாங்குமுன்

தானாகத் தீனி போடும் ஃபீடர் வாங்கக் கடைக்குப் போனால் முதலில் காட்டுவது டைமரைத்தான். நாளைக்கு எட்டு வேளை வைக்கலாம், கைபேசியிலேயே தட்டிவிடலாம், சோலார் தகடும் உண்டு என்று அடுக்குவார்கள். நான் இப்போதெல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: இது கெட்டுப்போனால் திறந்தபடி நிற்குமா, மூடியபடி நிற்குமா?

ஆரோக்கியமான பெரிய கொய் மீன் (அழகுக்கு வளர்க்கும் கெண்டை வகை) ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரே ராத்திரியில் ஒரு கிலோ தீனி குளத்தில் விழுந்தால் பிழைப்பது கஷ்டம். இதைப் பாடம் படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று மீன்களைப் புதைத்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மலேசியாவில், புக்கிட் மெர்தாஜமில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். ஆக 6 டன் தண்ணீர். அப்போது 12 கொய் இருந்தன. சராசரி 800 கிராம். உடல் எடையில் 1 விழுக்காடு என்று கணக்குப் போட்டால் நாளைக்கு 96 கிராம் தீனி. கொய்க்கு இரைப்பை கிடையாது, விழுங்கியது நேராகக் குடலுக்குப் போய்விடும். அதனால் ஒரே வேளையில் அள்ளிப் போடுவதைவிட 24 கிராமாக நாலு வேளை கொடுப்பது நல்லது. காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிறவன் மதியத் தீனிக்கு எங்கே போவான்? ஃபீடர் தேடியது அதற்காகத்தான்.

மீன் தொட்டிக்கென்று விற்கும் சின்ன உருளை ஃபீடரை முதலில் வாங்கினேன். இரண்டு பேட்டரி, உள்ளங்கை அளவு உருளை, ஒரு சுற்றுக்கு ஒரு சிட்டிகை. தொட்டிக்கு அது போதும். 12 கொய்க்கு அது கொடுத்தது சோளப்பொரிக் கணக்கு. அதோடு விட்டேன்.

அடுத்தது வீசும் ஃபீடர். மேலே 5 கிலோ பிடிக்கும் பெட்டி, கீழே ஒரு மூடி, அதற்கும் கீழே சுழலும் தட்டு. மூடி திறந்ததும் தீனி தட்டில் விழுந்து நாலா பக்கமும் சிதறும். பெரிய குளத்துக்கு இது அருமை; பலசாலி மீன் ஒரே மூலையில் நின்று எல்லாவற்றையும் விழுங்க முடியாது. என் குளத்திலோ பாதி தீனி சிமெண்டுத் தரையில் விழுந்தது. முதலில் எறும்பு வந்தது, அப்புறம் எலி.

விபரீதம் வேறு இடத்திலிருந்து வந்தது. ஈப்போவில் கல்யாணம், மூன்று நாள் வீட்டில் யாரும் இல்லை. இரண்டு சாயங்காலம் நல்ல மழை. ஈரத்தில் ஊதிய குருணை ஒன்று மூடியின் ஓரத்தில் சிக்கிக்கொண்டது. வாய் அரை விரல் திறந்தே நின்றது. மோட்டார் ஓடாத நேரத்திலும் தீனி உதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. திரும்பி வந்தபோது தண்ணீரின் மேல் நுரை, மீன்கள் அருவிக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பெட்டியை நிறுத்துப் பார்த்தேன்: கணக்குக்கு மேல் சுமார் ஒரு கிலோ குறைந்திருந்தது. ஒரு கிலோ தீனிக்கு ஏறக்குறைய 30 கிராம் அம்மோனியா (மீனுக்கு அது விஷம்) என்பது மீன் வளர்ப்பவர்களின் பொதுக்கணக்கு. 6,000 லிட்டரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராம். என் குளத்து வடிகட்டி அதை ஒரே நாளில் விழுங்காது. நம்மூர்த் தண்ணீர் 30 டிகிரி சூட்டில் முழுசாக நிறைந்தாலும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடிக்கும். அதிலும் அழுகும் தீனி பங்கு கேட்கும். விடியற்காலையில் நிலைமை இன்னும் மோசம். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கும் ஆண்டி-குளோரின் போட்டுப் பாதித் தண்ணீரை மாற்றியும் மூன்று போய்விட்டன.

திருகு ஃபீடரில் இந்தப் பயம் குறைவு. தீனிப்பெட்டிக்கு அடியில் படுக்கைவாட்டில் ஒரு திருகாணி. அது சுழன்றால்தான் தீனி நகரும், நின்றால் திருகாணியே அடைப்பாகிவிடும். குருணை ஊதினால் இறுகிக்கொள்ளும், மீன் பட்டினி கிடக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான். குறை இல்லாமல் இல்லை. மெத்தென்ற குருணையைத் திருகாணி அரைத்துத் தூளாக்கும். அந்தத் தூளை மீன் தின்னாது, தண்ணீர்தான் கலங்கும். குருணை அளவை மாற்றினால் கணக்கும் மாறும். 5 மில்லிமீட்டர் குருணையில் 4 வினாடிக்கு 24 கிராம் விழுந்தது, 3 மில்லிமீட்டர் போட்டதும் 35 ஆகிவிட்டது. அதனால் புதுப் பை பிரிக்கும்போதெல்லாம் கீழே ஒரு கிண்ணம் வைத்து மூன்று முறை ஓட்டி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். (தராசு மீன் வாடை அடிக்கிறது என்று வீட்டில் தனிப் புகார்.)

நிபோங் திபாலில் மாமா வைத்திருப்பது மின்சாரமே இல்லாத ஊசல் ஃபீடர். செம்பனைத் தோட்டத்து ஓரம் மண் குளம், அதில் திலாப்பியா. பெட்டியிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குள் தொங்கும், மீன் முட்டினால் கொஞ்சம் தீனி விழும். ஒரு சில நாளிலேயே மீன்கள் பழகிவிட்டன. “பசிச்சா அதுங்களே மணி அடிக்குதுங்க மாப்ள, எனக்கு எதுக்கு டைமரு?” என்பார் மாமா. ஆனால் காற்று அடித்தாலும் மணி அடிக்கும். குரங்கு கண்டுபிடித்துவிட்டால் நாள் முழுக்க அடிக்கும்; மாமா வீட்டில் அதுவும் நடந்தது. இதுவும் திறந்தபடி கெடும் ஜாதிதான். என்றாலும் அந்தப் பச்சைத் தண்ணீர்க் குளத்தில் சிந்தியதைத் திலாப்பியா பிறகு மேய்ந்துவிடும், மாமாவுக்கு நஷ்டம் டெடாக் (தீனி) காசு மட்டும். அதே பெட்டியை என் சிமெண்டுக் குளத்தின் மேல் தொங்கவிடச் சொன்னால் மாட்டேன்.

எந்த ஃபீடராக இருந்தாலும் இங்கே எதிரி ஈரம். மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா, தீனி விழும் வாய்க்கு மேல் கூரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டி நிறையத் தீனி போட்டுவைக்கும் ஆசை வேண்டாம், ஐந்து நாளைக்கு மேல் நான் போடுவதில்லை. சிக்கு வாடை வந்தாலோ பூசணம் தெரிந்தாலோ யோசிக்காமல் குப்பையில் கொட்டவேண்டும். வாரம் ஒரு முறை பழைய பெயிண்ட் பிரஷால் வாயைத் துடைப்பேன். காய்ந்த பிரஷ்தான், கழுவினால் தூள் பசையாகி ஒட்டிக்கொள்ளும். தாங்கும் கம்பியில் ஒரு சுற்று கிரீஸ் தடவினால் எறும்பு ஏறாது. மோட்டார் அறைக்குள் பல்லி முட்டை கிடந்ததும் உண்டு. ஃபீடரை ஸ்கிம்மர் (மேல்தண்ணீரை இழுத்துக் குப்பை அள்ளும் வாய்) பக்கம் மாட்டாதீர்கள், மிதக்கும் தீனியை மீனுக்கு முன்னால் அது இழுத்துக்கொள்ளும்.

கைபேசி ஃபீடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாங்கியதும் ஒரு நாள் வைஃபையை அணைத்துவிட்டு, நேரத்துக்குத் தீனி விழுகிறதா பாருங்கள். இடி இடித்தால் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிற ஊர் இது. மின்சாரம் போய் வந்தபின் நேரத்தை மறந்துவிடும் டைமர், நடுராத்திரியில் சோறு போடும்.

இப்போது மதியம் இரண்டு வேளை திருகு ஃபீடர், காலையும் மாலையும் என் கை. கையால் போடும்போதுதான் எந்த மீன் ஒதுங்கி நிற்கிறது, எதன் உடம்பில் புண் இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் ஃபீடரையே அணைத்துவிட்டுப் போகிறேன். போன தீபாவளிக்கு நாலு நாளுக்கு மேல் ஆகும்போல் இருந்தது. நாளைக்கு 50 கிராம் என்று, பெட்டியில் 200 கிராம் மட்டும் போட்டேன். அத்தனையும் ஒரேயடியாக விழுந்தாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா, அதை வடிகட்டி பார்த்துக்கொள்ளும். ஆறாம் நாள் வந்து திறந்தால் அடியில் ஒரு பிடி மிச்சம். ஃபீடரின் பிளக்கில் மின்சாரம் இல்லை, எந்த இடிக்கு விழுந்ததோ. ஒன்பது மீனும் என் நிழலைப் பார்த்ததும் ஓரத்துக்கு வந்து வாயைத் திறந்தன.