துருத் தண்ணியோடு எட்டு வருஷம்: எது கைகொடுத்தது, எதில் காசு போனது

மன்னார்குடிக்குத் தெற்கே வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற ஊர் எங்களுடையது. 2016-ல் பழைய உறைகிணறு கோடையில் வற்ற ஆரம்பித்ததும் கொல்லையில் போர் போட்டோம். முதல் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. சூடம் காட்டி, ஒரு சொம்பு பிடித்து சாமி மாடத்தில் வைத்தார் அம்மா. சாயந்திரம் விளக்கேற்றப் போனவர் "யாருடா இதுல காவியைக் கரைச்சது?" என்று சத்தம் போட்டார். யாரும் கரைக்கவில்லை. தண்ணீர்தான் அப்படி, அதில் இரும்பு கரைந்திருந்தது.

இந்தத் தண்ணீரோடு இருந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. டீ போட்டால் மைக்கூட்டைக் கவிழ்த்த நிறம், சோறு மஞ்சள், வாழைப்பூவைத் தொடவே வேண்டாம். குளியலறை டைல்ஸில் குழாய்க்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வால். வெள்ளை வேட்டி ஒரே மாதத்தில் சாமியார் வேட்டி ஆனது. அந்தக் கறையை எடுக்கப்போய் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ப்ளீச்சிங் பவுடர் கரைத்து அதில் வேட்டியை ஊறப்போட்டேன். கறை போகவில்லை, துணி முழுக்கப் பரவி நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. குளோரின் பட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு இன்னும் வேகமாகத் துருவாகும் என்பது அப்போது தெரியாது. துருக்கறைக்கு எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவதுதான் சரி. டைல்ஸுக்கு ஆக்சாலிக் ஆசிட் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அது விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கவும் கூடாது.

2017-ல் வீடு தேடி ஒரு விற்பனையாளர் வந்தார். எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு டம்ளர், அவர் கொண்டுவந்த சுத்தமான தண்ணீர் ஒரு டம்ளர், இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை விட்டு கரண்ட் கொடுத்தார். ஒரே நிமிஷத்தில் எங்கள் டம்ளரில் சாக்கடை மாதிரி பழுப்புக் கசடு, அவருடையது அப்படியே பளிச்சென்று. வீட்டில் எல்லோரும் வாயில் கை வைத்துக்கொண்டோம். அன்றைக்கே 14,500 ரூபாய்க்கு ஆர்ஓ மெஷின். அடுத்த மாதம் வந்த மச்சான் பள்ளிக்கூட வாத்தியார், கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மாப்ள, அந்தக் கம்பியே இரும்புதான். உப்பு இருக்குற தண்ணில கரண்ட் போகும், கம்பி கரைஞ்சு கசடு வரும். அவரோட தண்ணில உப்பே இல்ல, எப்படி வரும்? அதுல ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்ப வைக்கச் சொல்லியிருக்கணும்." எங்கள் தண்ணீரில் இரும்பு இருந்தது உண்மைதான், ஆனால் அந்த வித்தை அதைக் காட்டவில்லை. எந்த ஊர்த் தண்ணீரை வைத்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். டிடிஎஸ் மீட்டரும் அதே கதை. கரைந்திருக்கிற எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டுமே தவிர அதில் இரும்பு எவ்வளவு என்று சொல்லாது.

வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது, காசே வேண்டாம். கொய்யா இலை இரண்டைக் கசக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். இரும்பு இருந்தால் தண்ணீர் கருநீலமாகத் திரும்பும். இலையில் இருக்கிற துவர்ப்பு இரும்போடு சேர்ந்து செய்கிற வேலை அது, டீ கறுப்பதும் அதனால்தான்.

ஆர்ஓ என்ன ஆனது என்று கேட்பீர்கள். வெளியே மாட்டுகிற வெள்ளை ஸ்பன் ஃபில்டர் பத்தே நாளில் செங்கல் நிறம். நாலாவது மாதம் உள்ளே தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெல்லிய சவ்வு, அதாவது மெம்பரேன், அடைத்துக்கொண்டது. மாற்றினோம், அதுவும் அடைத்தது. மெஷின் மீது தப்பு சொல்ல மாட்டேன், இவ்வளவு இரும்பை நேராக அதன் வாயில் ஊற்றியது நாங்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் கடினத் தண்ணீரை மென்மையாக்குகிற சாஃப்ட்னர் வாங்கினார், உள்ளே இருக்கிற ரெசின் மணிகளில் துரு படிந்து அதுவும் படுத்துவிட்டது.

விஷயம் பிடிபட்டது 2018 நவம்பரில், கஜா புயலில். 16-ஆம் தேதி விடியற்காலை அடித்த காற்றில் தென்னை எல்லாம் போயிற்று, கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரும் இல்லை, ஆர்ஓவும் இல்லை. தெருவில் இருந்த அடிபம்புதான் கதி, அதிலும் இதே துருத் தண்ணீர். அம்மா ராத்திரியே நாலைந்து குடத்தில் அடித்து, ஒரு குடத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றுகிற மாதிரி ஊற்றி, அப்படியே வைத்துவிடுவார். காலையில் ஆட்டாமல் எடுத்து, பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டுவார். குடத்தின் அடியில் விரல்கடை உயரத்துக்குச் சிவப்பு வண்டல் இருக்கும். அந்தத் தண்ணீரில் டீ போட்டால் டீ நிறத்தில் டீ வந்தது! பதினாலாயிரம் ரூபாய் மெஷின் திணறிய வேலையைக் குடமும் வேட்டியும் செய்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அதற்கப்புறம்தான் கணக்குப் புரிந்தது. பூமிக்குள்ளே காற்று கிடையாது, அதனால் இரும்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, எந்தத் துணியிலும் பிடிபடாது. காற்றுப் பட்டால் துருத் தூளாக மாறும், அப்புறம் அதைப் படிய வைக்கலாம், வடிகட்டலாம். தாத்தா காலத்து உறைகிணற்றில் இந்தப் புகாரே இல்லாததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். திறந்து கிடந்த தண்ணீர், துரு தானாக அடியில் படிந்துவிட்டிருக்கும். தூர் வாரும்போது செக்கச்செவேலென்று சேறு வந்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது, அப்போது யாரும் அதை யோசிக்கவில்லை.

2019-ல் அதையே பெரிதாகச் செய்தோம். போர்த் தண்ணீர் முதலில் ஓட்டை போட்ட பிவிசி குழாய் வழியாக மழை மாதிரி விழும். விழுகிற இடத்தில் மூன்று பிளாஸ்டிக் பழக்கூடைகள், ஒன்றின் கீழ் ஒன்றாக, அவற்றில் கருங்கல் ஜல்லி. அதில் தெறித்து இறங்கி ஆயிரம் லிட்டர் டேங்கில் விழும், ராத்திரி முழுக்க நிற்கும். டேங்கிலிருந்து வெளியே போகிற குழாயை அடியில் வைக்காமல் ஒரு சாண் மேலே வைத்திருக்கிறோம், வண்டல் வராமலிருக்க. அங்கிருந்து ஒரு நீல டிரம்: அடியில் ஜல்லி, அதன் மேல் சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி, அதற்கு மேல் இரண்டடிக்கு ஆற்று மணல். வடிந்த தண்ணீர் தரைத்தொட்டியில் சேர்ந்து, அரை ஹெச்பி மோட்டாரில் மாடிக்குப் போகும். கொத்தனார் கூலி, இரண்டாவது மோட்டார் எல்லாம் சேர்த்து 23,000 ரூபாய் ஆனது.

முதல் மூன்று வாரம் ஏமாற்றம்தான். தண்ணீர் லேசாகப் பழுப்பாகவே வந்தது, மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானாகத் தெளிந்தது. மணல் மீது மெல்லிசாகத் துரு படிந்த பிறகுதான் அது மீதி இரும்பை நன்றாகப் பிடிக்கும். இது தெரியாமல் ஆறு மாதம் கழித்து நான் மணலை அள்ளி வெள்ளையாகும் வரை அலசிப் போட்டேன், மறுபடி மூன்று வாரம் பழுப்பு. இப்போது மேலே இரண்டு அங்குலத்தை மட்டும் சுரண்டி அலசிவிட்டு திரும்பப் போடுகிறேன்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். முதல் தடவை பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து, இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து கொண்டுபோனேன். அதற்குள் துரு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டதால் அளவு குறைவாக வந்தது. பிடித்தவுடனே ஆசிட் துளி விட்டால்தான் இரும்பு கரைந்தே இருக்கும் என்று அங்கே சொன்ன பிறகு, முறைப்படி கொடுத்த இரண்டாவது மாதிரியில் போர்த் தண்ணீர் லிட்டருக்கு 4.6 மில்லிகிராம், டிரம்மில் வடிந்தது 0.4. குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 10500 சொல்கிற உச்சவரம்பு 1 மில்லிகிராம். 0.3 தாண்டினாலே துணியில் கறை பிடிக்க ஆரம்பிக்கும் என்பதால், எங்கள் வேட்டி இன்னும் கடைத்தெரு வெள்ளை இல்லை, சுமாரான வெள்ளை. "இரும்புச் சத்துதானே, உடம்புக்கு நல்லது" என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒரு டம்ளர் போர்த் தண்ணீர் நீட்டினால் அவர்களே வேண்டாம் என்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து வண்டலை விட வேண்டும். அந்தச் சிவப்புத் தண்ணீர் வாழைக்குப் போகிறது, வாழை ஒன்றும் சொல்லவில்லை. கூடை ஜல்லியில் வழவழவென்று ஆரஞ்சு ஜெல்லி பிடிக்கும். அது வெறும் துரு இல்லை, இரும்பைத் தின்று வாழ்கிற பாக்டீரியாவும் சேர்ந்தது. தேங்கின தண்ணீர் மேல் எண்ணெய் மாதிரி ஏடு மிதந்தால் குச்சியால் தட்டிப் பாருங்கள்: சில்லு சில்லாக உடைந்தால் இதன் வேலை, உடனே ஒன்றுகூடினால் நிஜ எண்ணெய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடைகளை ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறேன். ப்ளீச்சிங்கிற்கு இந்த வீட்டில் உள்ள ஒரே வேலை அதுதான்.

குடிக்க இன்னமும் கூட்டுக் குடிநீர்தான் பிடிக்கிறோம், அது வராத நாளில் டிரம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆர்ஓ மெஷின் சுவரில் அப்படியே தொங்குகிறது. இப்போது டிரம் தண்ணீரை விட்டால் மெம்பரேன் அடைக்காமல் ஓடும் என்று மச்சான் சொல்கிறார், புது மெம்பரேன் விலையைக் கேட்டுவிட்டு நான்தான் இன்னும் மாட்டவில்லை.