உயர்த்திய ஜீப்புக்கு ஸ்டீயரிங் வேலை: சேலத்துப் பட்டறை ஒன்றின் மதிப்புரை

என் பழைய மஹிந்திரா ஜீப்பை வேறோர் இடத்தில் 3 அங்குலம் உயர்த்தியிருந்தேன். நீளமான ஷேக்கிளை (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) மட்டும் மாட்டி அனுப்பியதால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாகத் திரும்பியது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அதனோடு மல்லுக்கட்டத்தான் வேண்டியிருந்தது.

சேலத்தில் லாரி வேலை செய்யும் இந்தப் பட்டறைக்காரர், பொருள் எதையும் விற்க முயலாமல், என்னையும் வண்டிக்கடியில் படுக்கவைத்து, ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் தண்டு அளவுக்கு மீறிச் சாய்ந்திருப்பதை டார்ச் அடித்துக் காட்டினார். அந்தச் சாய்வினால்தான் பட்டை ஸ்பிரிங் அசையும்போது தண்டு சக்கரத்தைத் தள்ளுகிறது. அந்தத் தண்டின் சாய்வைக் குறைக்க, அதை அசைக்கும் பிட்மேன் ஆர்ம் என்ற கையைத் தாழ்ந்ததாகப் பொருத்தி, தேய்ந்த பால் ஜாயின்ட்டுகளை (உருண்டை மூட்டுகள்) மாற்றியதோடு, ஷேக்கிளால் மாறிப்போன காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு), ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்தார். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயின்ட் கோடு. தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். நீளமான ஷாக் அப்சார்பரும் மாட்டினார்.

இரண்டு நாள் என்றவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். அலைன்மென்ட்டுக்கு வேறு கடைக்கு அலைய நேர்ந்தது. கூலி மட்டும் நியாயம். இப்போது வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானே நேராகிறது. நகரத்து வேகத்தடைகளில் முன்பக்கம் சற்று முரடாகக் குதிப்பது மட்டும் மாறவில்லை.