காலிக் கல்லறையா, கண்டவர்களின் சாட்சியா?

இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நம்புவதற்குக் கிறிஸ்தவர்கள் சொல்லும் காரணங்களில் இரண்டு எப்போதும் முன்னால் வந்து நிற்கும்: கல்லறை காலியாக இருந்தது; அவரை உயிரோடு கண்டதாகப் பலர் சொன்னார்கள்.

கல்லறையின் பலம் சின்ன விவரங்களில் இருக்கிறது. யோவான் சுவிசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தில், தலையில் சுற்றியிருந்த சீலை மற்றத் துணிகளோடு கிடக்காமல் தனியே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உடலைத் திருட வந்தவன் நின்று நிதானமாகத் துணியைச் சுருட்டிக்கொண்டா இருப்பான்? அப்புறம், நான்கு சுவிசேஷங்களிலும் முதலில் போய்ப் பார்ப்பவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சிக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. கட்டிவிட்ட கதையென்றால் முதன்மைச் சீஷனான பேதுருவை அல்லவா முதலில் அனுப்பியிருப்பார்கள்! ஆனாலும் காலி இடம் தானாகப் பேசாது. சீஷர்கள் உடலைத் திருடிவிட்டார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்ததை மத்தேயுவே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்களில் ஒருத்தியான மகதலேனா மரியாளும் முதலில் நினைத்தது, யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றுதான்.

எனக்கு இரண்டாவதுதான் கனமாகத் தெரிகிறது. காலத்தாலும் அது முந்தியது. பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபத்தை எழுதியது ஏறத்தாழ கி.பி. 55-ல், சுவிசேஷங்கள் அதற்குப் பிந்தியவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. அந்த நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் உயிர்த்த இயேசுவைக் கண்டவர்களை, கேபா (பேதுருதான்), பன்னிரண்டு சீஷர்கள், 500 பேருக்கும் அதிகமான சகோதரர், யாக்கோபு, கடைசியில் தான் என்று அடுக்குகிறார். அந்த 500 பேரில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். வேண்டுமானால் போய்க் கேளுங்கள் என்கிற தொனி. துக்கத்தில் வந்த மனத்தோற்றம் என்பார்கள். சரி, பேதுருவுக்குப் பொருந்தலாம். சபையையே துன்புறுத்திக்கொண்டிருந்த பவுலுக்கு என்ன துக்கம்?