தாத்தாவின் சோடா பாட்டிலை மேசை விளக்காக்கக் கொடுத்து ஏமாந்த கதை

கடையின் பெயரை இங்கே போடப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். ஆனால் பழைய பாட்டிலைக் கொடுத்தால் அழகான மேசை விளக்காகச் செய்து தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் இப்போது நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். தீபாவளி நெருங்க நெருங்க இன்னும் கூடுவார்கள். உங்கள் வீட்டுப் பாட்டிலைத் தூக்கிக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு நடந்ததைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

நான் கொடுத்தது இரண்டு பாட்டில். ஒன்று பாண்டிச்சேரியில் வாங்கிய நீலக் கண்ணாடி பாட்டில். நீளக் கழுத்து, சும்மா அழகுக்காக ஷோகேஸில் நின்றது. அது போனால் போகட்டும். இன்னொன்று கோலி சோடா பாட்டில். அம்மாவின் அப்பா மன்னார்குடியில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஓட்டு வீடு, ஒரு காஸ் சிலிண்டர், கையால் சுற்றுகிற ஒரு மெஷின், அடுக்கடுக்காக மரப்பெட்டிகள், அவ்வளவுதான். மெஷினுக்குள் பாட்டிலைப் பூட்டித் தலைகீழாகச் சுற்றினால் காஸ் ஏறி, கோலி வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையத்தில் போய் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சத்தம் அம்மாவுக்கு இன்னும் காதில் இருக்கிறதாம். தாத்தாவின் இனிஷியலும் ஊர்ப் பெயரும் கண்ணாடியிலேயே புடைத்து நிற்கும். கம்பெனியை மூடியபோது எல்லாம் பழைய சாமான்காரரிடம் போய், வீட்டில் மிஞ்சியது இரண்டே இரண்டு பாட்டில். அதில் ஒன்றைத்தான் அம்மாவின் பிறந்தநாளுக்கு விளக்காக்கித் தரலாம் என்று எனக்குப் புத்தி போனது.

பேசிய தம்பி ரொம்ப மரியாதையாகப் பேசினான். "கவலையே படாதீங்கக்கா, இந்த மாதிரி நிறையப் பண்ணிருக்கோம்" என்றான். ஓட்டை போடும்போது உடையாதா என்று கேட்டேன். "டைமண்ட் பிட்லதான் போடுவோம்க்கா." இரண்டு விளக்குக்கும் சேர்த்து 2,800 ரூபாய். 1,500 முன்பணம் ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்கவில்லை. அது என் முதல் முட்டாள்தனம். பாட்டிலைக் கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்காதது இரண்டாவது.

பத்து நாளில் தருகிறேன் என்றவன் ஐந்து வாரம் இழுத்தான். மழை, ஷேடு வரவில்லை, வேலை செய்கிற பையன் ஊருக்குப் போய்விட்டான் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். ஒருவழியாக ஒரு ராத்திரி டெலிவரி வந்தது. சணல் ஷேடு, பித்தளை ஹோல்டர், உள்ளே இழை தெரிகிற பழங்கால ஸ்டைல் பல்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மீதிப் பணத்தையும் அங்கேயே அனுப்பிவிட்டேன்.

காலையில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இது அப்பா பாட்டில் இல்லையே" என்றாள்.

இல்லைதான். ராத்திரி நான் கவனிக்கவில்லை. புடைப்பு எழுத்து இல்லை. தாத்தா பாட்டிலில் கண்ணாடி லேசாகப் பச்சை ஓடி, அங்கங்கே கடுகு அளவில் குமிழி இருக்கும். மரப்பெட்டியில் வருஷக்கணக்காக உரசி உரசி, பாட்டிலின் வயிற்றைச் சுற்றி வெள்ளையாக ஒரு பட்டை தேய்ந்திருக்கும். வந்த பாட்டில் பளபளவென்று, நேற்றுத்தான் பிறந்தது போல இருந்தது. கோலி சோடாவுக்கு மறுபடி மவுசு வந்த பிறகு இதே வடிவத்தில் புது பாட்டில்கள் வருகின்றன. தெரியாதவர்களை ஏமாற்ற அது போதும்.

போன் போட்டேன். "அதே பாட்டில்தான்க்கா, பாலிஷ் பண்ணோம்ல, அதுல எழுத்து போயிருக்கும்" என்றான். கண்ணாடியில் புடைத்து நிற்கும் எழுத்து பாலிஷில் போகுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு அரை மணி நேரம் நானே அதை நம்பினேன். நாலாவது தடவை பேசும்போதுதான் உண்மை வந்தது. ஓட்டை போடும்போது விரிசல் விட்டுவிட்டதாம். "அதே மாடல்ல புதுசு வாங்கி வச்சிட்டோம், இன்னும் நல்லாத்தானக்கா இருக்கு?" உடைந்த துண்டையாவது கொடு என்றேன். குப்பையில் போட்டாச்சாம்.

உடைந்ததில் எனக்குக் கோபம் இல்லை. கண்ணாடியில் ஓட்டை போடுவது சுலபமான வேலை இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். வைரத்துகள் பூசிய வளைய பிட்டை மெதுவாகச் சுற்றவிட்டு, இடைவிடாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே, அழுத்தாமல் போட வேண்டும். டிரில்லில் அடித்து அடித்துத் துளைக்கிற ஹேமர் பட்டன் மறந்துகூட ஆனில் இருக்கக் கூடாது. அவசரப்பட்டு அழுத்தினாலோ தண்ணீர் விடாமல் சூடேறவிட்டாலோ கண்ணாடி விரிசல் விட்டுவிடும். கோலி சோடா பாட்டில் காஸ் அழுத்தத்தைத் தாங்கக் கனமாக வார்த்தது, கழுத்தில் வேறு கோலியைப் பிடித்து நிறுத்தக் கிள்ளிவிட்டது போலப் பள்ளம். 1872-இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம் இது, சோடாவுக்காக யோசித்தது, வயர் நுழைக்க இல்லை. உடைந்துவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இன்னொரு பாட்டிலை வைத்து மூடியதுதான் ஏமாற்று.

இதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, வீடு துடைத்த ஈரம் காய்வதற்குள் வெறுங்காலோடு அந்த விளக்கை நகர்த்தப் போனேன். வயரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் தொட்டேன். பித்தளை ஹோல்டரில் விரல் பட்டதுதான் தெரியும், முழங்கை வரை சுரீர் என்று ஏறியது. அதே நொடியில் வீடே இருண்டது. மெயின் பாக்ஸில் இருக்கும் ஆர்சிசிபி விழுந்துவிட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை நிறுத்துகிற கருவி அது. வீடு கட்டும்போது, இது எதற்கு வெட்டிச் செலவு என்று அதைக் கேட்டவளும் நான்தான்.

எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் விளக்கைப் பிளக்கில் செருகி, டெஸ்டரைப் பித்தளையில் வைத்தார். டெஸ்டருக்குள் ஆரஞ்சு வெளிச்சம். சுவிட்சை அணைத்தார். அப்போதும் வெளிச்சம் இருந்தது. ஹோல்டரைக் கழற்றிக் காட்டினார். திருகுக்கு வெளியே ஒரே ஒரு இழை, மயிரிழை என்பார்களே அப்படி, நீட்டிக்கொண்டு பித்தளை உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"எர்த்தே இல்லையேம்மா. பித்தளை ஹோல்டர் போட்டுட்டு யாராவது டூ பின் போடுவாங்களா?" என்றார். அப்புறம் சுவிட்சைப் பற்றிச் சொன்னார். சுவிட்ச் ஒற்றை வயரைத்தான் துண்டிக்கும். டூ பின் பிளக்கை எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம் என்பதால், பாதி நேரம் சுவிட்ச் கரண்ட் வருகிற வயரை விட்டுவிட்டு, அது திரும்பிப் போகிற நியூட்ரலைத்தான் துண்டிக்கும். விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். எனக்கு நடந்தது அதுதான்.

அவர் பிளேடை எடுத்து அந்த இழையை லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். இரண்டு தடவை மடக்கியதும் பட்டென்று ஒடிந்தது. வயர் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, ஒரு எழுத்தும் இல்லை.

நீல பாட்டிலையும் அப்போதுதான் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் அடியில் வயர் வெளியே வருகிற ஓட்டை. விளிம்பைத் தேய்க்கவில்லை, மீன் செதில் மாதிரிச் சில்லுச் சில்லாக இருந்தது. ரப்பர் புஷ் போடவில்லை. ஒவ்வொரு முறை விளக்கை நகர்த்தும்போதும் கண்ணாடி வயரை அறுத்திருக்கிறது, தோலில் பாதி ஆழத்துக்கு வெட்டு. ஓட்டையிலிருந்து மேலே ஒரு கோடு, நூல் ஒட்டியது போல. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அன்றைக்கு முக்கால் அங்குலம் இருந்தது. இப்போது இரண்டு அங்குலத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. ஷேடின் உள்பக்கமும் பல்புக்கு நேராகப் பழுத்துப்போயிருந்தது. பார்க்க அழகாக இருந்த அந்தப் பல்பு எல்இடி இல்லை, சூடாகிற பழைய ரகம்.

அண்ணன் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாட்டிலில் ஓட்டையே போட்டிருக்க வேண்டியதில்லையாம். பக்கவாட்டில் வயர் வெளியே வருகிற ஹோல்டரை, வாயில் இறுக்கமாக உட்காருகிற கார்க் மேல் வைத்தால் வயர் பாட்டிலுக்குள் போகவே போகாது. பின்னால் ஒரு வயர் தொங்குவது தெரியும், அவ்வளவுதான். சாயாமல் இருக்க உள்ளே உலர்ந்த ஆற்று மணலோ கூழாங்கல்லோ போட்டால் போதும். தாத்தா பாட்டில் முழுசாக இருந்திருக்கும்.

ஆகவே கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஷேடு என்ன கலர் என்று கேட்பதற்கு முன்னால் ஓட்டை எங்கே வரும், உடைந்தால் என்ன செய்வாய், துண்டைத் திருப்பித் தருவாயா என்று வாட்ஸப்பில் எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். வாய்ப்பேச்சு பிறகு எதற்கும் ஆகாது. பாட்டிலின் அடி, கீறல், எழுத்து எல்லாவற்றையும் அவன் முன்னாலேயே போட்டோ எடுங்கள். விளக்கு வந்ததும் மீதிப் பணத்தை அனுப்பாமல், பிளக்கில் செருகாமல், ஓட்டை விளிம்பில் ரப்பர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வயரின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் அதன் கீழே லைசென்ஸ் எண்ணும் இருந்தால், அந்த முத்திரையைத் தருகிற அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்த்துவிடலாம். உலோகம் கையில் படுகிற விளக்கு என்றால் மூன்று முள் பிளக், மூன்று வயர். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில், கார்க்குக்குள் பட்டன் பேட்டரி வைத்து, உள்ளே குட்டி விளக்குச் சரம் விட்ட பாட்டில் வேறு ஆபத்து. ஷாக் அடிக்காது, ஆனால் அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

பணம் கேட்டபோது தம்பியின் மரியாதை எல்லாம் போய்விட்டது. "கஸ்டம் ஆர்டருக்கு ரீஃபண்ட் கிடையாது, பேஜ்லயே போட்ருக்கோம்." அந்தப் பக்கத்தில் நான் எழுதிய கமெண்டை அழித்து, என்னைப் பிளாக் செய்தாகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லையே என்று பயந்துகொண்டுதான் கூப்பிட்டேன். ஜிபே ரசீதையும் வாட்ஸப் உரையாடலையும் சேர்த்து அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். இதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நுகர்வோர் வழக்குகளுக்கான ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம். 2,800 ரூபாய்க்கு இவ்வளவா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவருடைய தாத்தா சோடா கம்பெனி வைத்திருக்கவில்லை.

வந்த புது பாட்டிலுக்கு அண்ணன் வேறு ஹோல்டர், மூன்று கோர் வயர், எல்இடி பல்பு எல்லாம் போட்டுக் கொடுத்தார். எரிகிறது. அம்மா அதைத் தன் அறையில் வைக்க விடவில்லை, ஹாலில்தான் இருக்கிறது. நீல பாட்டிலை நியூஸ்பேப்பரில் சுற்றி மாடியில் போட்டாயிற்று. போன வாரம் ஊரிலிருந்து வந்த என் சொந்தத் தம்பி, மிச்சமிருக்கும் தாத்தா பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு, "இதையாவது ஓட்டை போடாம நாமளே விளக்கு பண்ணிடலாமாம்மா?" என்று கேட்டான். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து பாட்டிலை வாங்கி ஷோகேஸில் வைத்துப் பூட்டினாள். சாவி இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.