கேரித் தீவா, பூலாவ் இண்டாவா? கிள்ளான் துறைமுகம் எந்தப் பக்கம் வளரலாம்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பந்திங் ஒட்டுக்கடைகளில், கேரித் தீவில் புதுத் துறைமுகம் கட்டும் பேச்சு ஓய்வதே இல்லை. "வந்தா பிள்ளைங்களுக்கு வேலை" என்பார் ஒருவர். "வந்தா தோட்டம் போச்சு" என்பார் எதிரில் தே தாரேக் ஆற்றிக்கொண்டிருப்பவர். பக்கத்துத் தீவான பூலாவ் இண்டாவில் நடக்கும் வெஸ்ட்போர்ட்ஸ் விரிவாக்கத்தை இருவருமே கணக்கில் சேர்ப்பதில்லை.

கிள்ளான் துறைமுகத்தின் ஒரு பகுதியான வெஸ்ட்போர்ட்ஸ், 20 அடிப் பெட்டிக் கணக்கில், ஆண்டுக்கு 14 மில்லியன் கொள்கலன்களைக் கையாளக் கூடியது. 10ஆம் எண் முதல் 17ஆம் எண் வரையிலான புது முனையங்களைக் கட்டி அதை 27 மில்லியனாக்கப் போகிறார்கள். குத்தகையும் 2082 வரை நீட்டிக்கப்பட்டுவிட்டது. ரயில் பாதை, நெடுஞ்சாலை, சுங்கம் எல்லாம் அங்கே ஏற்கெனவே உண்டு. ஒரு முனையத்தில் கிரேன் நின்றதும் காசு வரத் தொடங்கும். சரக்கு குறைந்தால் அடுத்த முனையத்தைத் தள்ளிப் போடலாம்.

கேரித் தீவில் அந்தச் சௌகரியம் கிடையாது. கடல் நீர் ஏறாமல் கரை கட்டித்தான் அங்கே செம்பனையே போட்டார்கள். அந்தக் களிமண்ணில் பெட்டி அடுக்க வேண்டுமானால், மண் கொட்டி மேடாக்கி, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் ரயில், பெரிய பாலம், தூர் வாரல். முதல் பெட்டி இறங்கும் முன்பே மொத்தப் பணமும் மண்ணுக்குள் போயிருக்கும். மா மெரி பூர்வக்குடி மக்களின் கிராமமும் சதுப்புக் காடும் எந்தக் கணக்கில் வரும் என்பது வேறு கேள்வி.

2017இல் இந்தத் திட்டத்துக்கு 200 பில்லியன் ரிங்கிட் என்று பேசப்பட்டது. அதே ஆண்டில்தான் கிள்ளானின் சரக்கு சுமார் 13.2 மில்லியன் பெட்டியிலிருந்து 12 மில்லியனுக்கு இறங்கியது. சிங்கப்பூரின் கப்பல் நிறுவனமான என்ஓஎல்லை வாங்கிய பிரெஞ்சு நிறுவனம் சிஎம்ஏ சிஜிஎம், தன் சரக்கைச் சிங்கப்பூருக்குத் திருப்பியது முக்கியக் காரணம். கப்பல் விட்டுக் கப்பல் மாறும் சரக்கு அப்படித்தான், கப்பல் நிறுவனம் நினைத்தால் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். 2000இல் டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு ஜொகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்குப் போனதும் இதே கதை.

இடவசதியில் மட்டும் கேரித் தீவு ஜெயிக்கும். பூலாவ் இண்டா ஒரு நாள் நிரம்பத்தான் போகிறது. அதனால் நிலத்தை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கட்டும், சரி. புது முனையங்கள் பாதியாவது நிரம்பும்வரை செம்பனையை வெட்ட வேண்டாம் என்பது என் கட்சி. அதுவரை செலவழிக்க ஆசையிருந்தால் பந்திங்–கிள்ளான் சாலை இருக்கிறது: பழக்குலை லோரிக்குப் பின்னால் டிரெய்லர், டிரெய்லருக்குப் பின்னால் பள்ளி வேன்.